மூக்கி பலோமா

காலையில் எழுந்ததும் பலோமா முகம் கழுவுவதில்லை. நேரே சமையலறைக்குப் போவாள். ஜன்னல் விளிம்பில் நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், ஒன்றில் ரோஜாத் தைலம் நனைத்த பஞ்சு, கடைசியில் யூகலிப்டஸ். கிராம்புக் குப்பியின் மூடியைத் திருகி எடுத்து இடது உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வாள், அதிலிருந்தும் எதுவும் தப்பிப் போய்விடக் கூடாது என்பதுபோல. கண்ணை மூடுவாள். குப்பியை மூக்குக்கு நேரே கொண்டுபோகாமல் மோவாய்க்குக் கீழே பிடித்து, முயல் மாதிரி சின்னச் சின்னதாக மூச்சை இழுப்பாள். அந்த நேரத்தில் கிராம்பைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. அவளும் நினைப்பாள். பல்வலி வந்த அப்பா கடைவாயில் கிராம்பை அதக்கிக்கொண்டு பேச்சுக் குழறியது நினைவுக்கு வரும். அவருடைய வீங்கிய கன்னம் நினைவுக்கு வரும். வாசனை மட்டும் வராது. குப்பிக்குள்ளிருந்து வருவது வெறும் காற்று, யாரும் குடியிராத வீட்டுக் காற்று. மூடியைத் திருகி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள்.

படுக்கையறையிலிருந்து கணவன் பவுலீனோவின் குரல் வரும்.

"இன்னிக்கு எது வந்துச்சு?"

"கிராம்பு. லேசா."

"நேத்தும் கிராம்புதானே. இந்த வேகத்துல போனா, எலுமிச்சை வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

"நீ போறதுக்குள்ள ரோஜா வந்துரும். வசதியாப் போச்சு."

அவன் சிரிப்பான். சிரித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவான். ஆயுள் முழுக்க அடுத்தவர்களின் பியானோவையும் பீரோவையும் மாடிக்குத் தூக்கிய முதுகு அது. இப்போது அவனால் ஒரு பால்பாத்திரத்தைக் குனிந்து எடுக்க முடியாது. வீட்டில் நடமாடுவதும் சம்பாதிப்பதும் பலோமா மட்டுந்தான். அதனால்தான் அவனிடம் கிராம்புப் பொய். படுத்துக் கிடக்கிற மனிதனுக்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது நல்ல செய்தி வேண்டியிருக்கிறது.

ஊரையே படுக்கப் போட்ட அந்தக் காய்ச்சல் அவளுக்கும் வந்து, எல்லாருக்கும் போலப் போய்விட்டது. போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போனது. அது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

வேறு வேலையில் இருந்தால் மறைக்கிறதற்கு ஒன்றுமில்லை. மாட்ரிட்டில் பேருந்து ஓட்டுகிறவளுக்கும் தையல்காரிக்கும் மூக்கு எதற்கு? பலோமாவின் பிழைப்பே மூக்குதான். வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு இரண்டு காரியத்துக்கு வருகிறார்கள். ஓவியம் பார்க்க, சாப்பிட. காலையில் அருங்காட்சியகத்தில் அவர்களை நடத்திச் சென்று படங்களைக் காட்டி, மதியம் பழைய வீதிகளில் பார் பாராக அழைத்துப் போய் ஊட்டிவிடுவது அவள் வேலை. ஒரு சிறிய சுற்றுலா நிறுவனம் அவளை இருபது வருஷத்துக்கும் மேலாக வைத்திருக்கிறது. படங்களைப் பற்றிப் பேச நூறு பேர் உண்டு. தெருமுனையில் நின்றே, "இங்கே வேண்டாம், எண்ணெய் மூணு நாள் பழசு" என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்தி. சக வழிகாட்டிகள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கி. அப்பா மொத்த மீன் சந்தையில் கூடை இறக்கியவர். விடிவதற்குள் வீட்டுக்கு வந்து, தூங்குகிற மகளின் முகத்தருகே ஒரு மீனைப் பிடித்து, "நேத்தா, இன்னிக்கா?" என்று கேட்பார். கண்ணைத் திறக்காமலே அவள் பதில் சொல்வாள். அந்தப் பெண்ணுக்குப் பிற்பாடு படங்களின் மேல் பைத்தியம் பிடித்ததும், மாலைக் கல்லூரியில் படித்ததும், கடைசியில் இரண்டையும் ஒரே பிழைப்பாகக் கட்டிக்கொண்டதும் தெருவில் எல்லாரும் மெச்சிக்கொண்ட கதை.

மூக்கு போனபின் அவள் தந்திரங்களைக் கற்றுக்கொண்டாள். பழகிய நாலு பார்களுக்கு மட்டும் போனாள். முக்கியமாக யூட்டிமியோவின் பாருக்கு. அவருக்கு விஷயம் தெரியும். தட்டை வைக்கும்போதே, "இன்னிக்கு நெத்திலில வினிகர் கொஞ்சம் தூக்கல், ராணி" என்று காதோடு சொல்லிவிடுவார். அவள் அதை ஒரு கவிதைபோல விரித்து விருந்தினர்களுக்குச் சொல்வாள். தின்பவர்களின் முகங்களைப் பார்த்து ருசியைத் தெரிந்துகொண்டாள். புருவம் ஏறினால் உப்பு. கண் சொருகினால் ருசி. ஒருவர் தட்டை மெல்லத் தள்ளிவைத்தால், அந்தப் பதார்த்தத்தை அடுத்த முறை வரவழைக்கமாட்டாள்.

ஆனாலும் வீட்டில் ஒருநாள் அடுப்பை அணைத்ததாக நினைத்துக்கொண்டு குமிழைத் திறந்தே வைத்துவிட்டாள். பவுலீனோ மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் போன பக்கத்து வீட்டுக்காரி கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். "செத்துத் தொலையணும்னா தனியாச் சாவு, மொத்தக் கட்டடத்தையும் ஏன் கூட்டிட்டுப் போறே?" பலோமா சமையலறையின் நடுவில் நின்றிருந்தாள். சிலிண்டர் சீறுகிற ஓசை கேட்டது. மூக்குக்கு எதுவுமே இல்லை. மரணம் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, தனக்கு அதன் முகம் தெரியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் குமிழைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

ஆறுதலாக மிஞ்சியது அருங்காட்சியகம் மட்டுந்தான். அங்கே ஒரு சிறிய அறையில் சாப்பாட்டுப் படங்கள் தொங்குகின்றன. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மேசைகள். ஒன்றில் வெட்டிய எலுமிச்சை, ஒரு பூண்டு, கண் மங்காத ஒரு மீன். அந்தப் படத்தின் முன் நின்றால் மட்டும் அவள் வாயில் உமிழ்நீர் ஊறியது. அசல் எலுமிச்சைக்கு ஊறாத நாக்கு, வரைந்த எலுமிச்சைக்கு ஊறியது. ஏனென்று அவளுக்கே தெரியாது. அந்த அறையில் அவள் நிற்கிற நேரம் மாதத்துக்கு மாதம் நீண்டுகொண்டே போனது. பார்களில் நிற்கிற நேரம் சுருங்கியது.

நிறுவனத்தை நடத்துகிற மாரிசா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "படம் காட்டி வயித்தை நிரப்புறேன்னு புகார் வருது. உனக்கு என்ன ஆச்சு பலோமா? முன்னெல்லாம் உன்னைப் பாரிலேருந்து இழுத்துட்டு வரணும்."

"வயசாகுது. கால் வலிக்குது."

"கால் வலிக்குதுன்னா உக்காந்து தின்னு. வர்றவங்க பாதிப் பேர் வாய்க்குத்தான் வர்றாங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அதற்கடுத்த குழு கடலே இல்லாத சமோரா ஊரிலிருந்து வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குடும்பங்கள். ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரி தொப்பி, பெண்கள் எல்லாரும் அன்று காலையில்தான் சிகையலங்காரம் செய்துகொண்ட தலை. சாப்பாட்டுப் படத்தின் முன்னால் பலோமா பேசிக்கொண்டே இருந்தாள். ஹெனோவேவா என்ற மூதாட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். சிக்னல் கம்பம் இழுத்து ஓய்ந்த இலாரியோ பின்னாலிருந்து சொன்னார்: "அம்மணி, அந்த மீனு முந்நூறு வருஷமா காத்துக் கெடக்கு. என்னால அவ்வளவு நாள் முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். பலோமாவும் சிரித்து, அவர்களை வெளியே அழைத்துவந்தாள்.

யூட்டிமியோவின் பாரில் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில், அக்காள் காலமாகிவிட்டதால் கடை இல்லை என்று அவருடைய கோணல் எழுத்து. பலோமா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மற்ற பார்கள் ஆற்றுப் பக்கம் இருந்தன. இந்த வயசான கூட்டத்தை அவ்வளவு தூரம் நடத்த முடியாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வாய் வெர்மூத் மது குடிக்கிற நேரம். வீதியில் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன, எல்லாவற்றிலிருந்தும் புகையும் பேச்சும் வந்துகொண்டிருந்தன. முன்பானால் ஒரு மூச்சில் தேர்ந்தெடுத்திருப்பாள். இப்போது ஊமைப்படம் பார்ப்பவள்போல வீதியைப் பார்த்தாள்.

அப்போது அவள், மாட்ரிட்டில் பிறந்த எவரும் செய்கிறதைச் செய்தாள். வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். நல்ல பாரின் தரை குப்பையாக இருக்கும். தின்றவன் டிஷ்யூவைக் கசக்கிக் காலடியில் போடுவான், ஆலிவ் கொட்டையைத் துப்புவான், இறால் தலையைப் பிய்த்துப் போடுவான். நிறையப் பேர் வந்து நிறையத் தின்ற இடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. துடைத்து மின்னுகிற தரையைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். புதிதாகத் திறந்திருந்த ஒரு பாரின் தரை வெள்ளை வெளேரென்று டிஷ்யூவால் மூடியிருந்தது, பனி பெய்த மாதிரி. கல்லாவருகே தடித்த ஒருவன் நின்று, "வாங்க அழகி, வாங்க தலைவரே, எல்லாரும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டான்.

அவள் உள்ளே போனாள். அவர்களும் போனார்கள்.

எண்ணெயில் பொரித்த குரோக்கெத்தா உருண்டை வந்தது. முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த அடை வந்தது. எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. பிறகு மண்சட்டிகளில் பூண்டு போட்ட இறால் எண்ணெயில் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஹெனோவேவா ஒன்றைக் குத்தி எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மகளே, இதுல ஒரு வாடை வருதே. சரியாத்தான் இருக்கா?"

மேசை முழுவதும் பலோமாவின் பக்கம் திரும்பியது. ஆவி பறக்கிற சட்டியைப் பார்த்தாள். ஆவி அவள் முகத்தில் பட்டது, சூடாக, ஈரமாக, பெயரே இல்லாமல். ஒரு இறாலை எடுத்து மோவாய்க்குக் கீழே பிடித்தாள். சின்னச் சின்னதாக மூச்சை இழுத்தாள். வாழ்க்கையில் இதுவரை எதற்கும் இப்படி மன்றாடியதில்லை. ஏதாவது வரட்டும். நாற்றமாகவே வரட்டும். தெரியாது என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் இன்று மாலைக்குள் மாரிசாவுக்குத் தெரிந்துவிடும். முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற பவுலீனோ கண்ணுக்குள் வந்து நின்றான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பூண்டு தூக்கலாப் போட்டிருக்காங்க. இங்க அப்படித்தான்."

சொல்லிவிட்டு அதைத் தன் வாயில் போட்டு மென்றாள். ரப்பரும் சூடும்.

"கேட்டுக்கிட்டியா ஹெனோவேவா?" என்றார் இலாரியோ. "தலைநகரத்து மூக்கு சொல்லிருச்சு. நம்ம ஊர்ல கடலா இருக்கு, வந்துட்டா இறாலுக்கு வாடை பிடிக்க."

ஹெனோவேவா வெட்கப்பட்டுச் சிரித்து, தன் பங்கைத் தின்றுமுடித்தாள். சட்டியில் மிஞ்சிய எண்ணெயையும் ரொட்டியால் வழித்துத் தின்றாள்.

பொழுது சாய்வதற்குள் குழுவில் பாதிப் பேர் விடுதிக் குளியலறைகளைவிட்டு வெளியே வரவில்லை. பலோமா தன் வீட்டுக் குளியலறைத் தரையில் கிடந்தாள். குடலே வெளியே வருவதுபோல வாந்தி. இடையிடையே போன் அடித்தது. இலாரியோ. "அம்மணி, மத்தவங்களுக்குப் பரவால்ல, தாங்குவோம். ஹெனோவேவாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. பேச்சு மூச்சு இல்ல."

பவுலீனோ சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து குளியலறை வாசலில் நின்றான். குனிந்து அவளைத் தூக்க அவனால் முடியாது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"இறால் கெட்டுப்போயிருந்துச்சா?"

"ம்."

"உனக்குத் தெரியலையா?"

அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ கிராம்பு?"

"பொய்," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நாளும் வந்ததில்ல. ஒரு நாளும்."

அவன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். பிறகு காலை நீட்டி, பாதத்தால் அவள் முதுகை மெதுவாகத் தடவிக்கொடுத்தான். அவனுக்கு எட்டியது அவ்வளவுதான்.

மறுநாள் அவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். உள்ளே விடவில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை, வயது வேறு, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று தாதி சொன்னாள். சமோராவிலிருந்து வந்த மகள் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பலோமா யாரென்று அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொந்தக்காரரா என்று கேட்டாள். பலோமா தலையை ஆட்டினாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம். தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மருந்து நெடி அடிக்கிறதென்று அந்த மகள் முகத்தைச் சுளித்தாள். ஒரு கிழவி செத்துக்கொண்டிருக்கிற கட்டடத்துக்கும் தன் வீட்டுச் சமையலறைக்கும் தன் மூக்கில் வித்தியாசமே இல்லை என்பதை அப்போது பலோமா நினைத்துக்கொண்டாள். எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடுவதற்கும் ஓர் இடம் தெரிய வேண்டும்.

அங்கேதான் யூட்டிமியோ போனில் கிடைத்தார். அக்காளைப் புதைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புது ஆளு கடைக்கா போனே? அடிப் பாவி. அவன் காலைல ஷட்டரைத் தூக்கினதும் டிஷ்யூவைக் கட்டுக்கட்டாக் கசக்கித் தானே தரையில போடுறான். ரொட்டிக்கடைக்காரி பாத்துட்டு எங்கிட்டச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிச்சா. உனக்கு யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல."

"ஆமா, உனக்கு யாரு சொல்லுவா. மூக்கிக்குத் தெரியாதான்னு விட்டிருப்பாங்க."

அதற்கு மறுநாள்தான் ஹெனோவேவா கண் திறந்து பேசினாள். மகள் காபி குடிக்கப் போன நேரத்தில் பலோமா உள்ளே போனாள். கட்டிலில் அந்த உடம்பு பாதியாகக் குறைந்திருந்தது. சிகையலங்காரம் ஒரு பக்கமாகச் சப்பையாகியிருந்தது.

"இந்தக் காதுப் பக்கம் வா மகளே. இதுல பக்கத்துல வந்து பேசினாக் கேக்கும், அது செத்த காது."

பலோமா மறுபக்கம் போய்க் குனிந்து, எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், குப்பிகள், புருவம் ஏறினால் உப்பு, பவுலீனோவின் முதுகு, தரையில் கிடந்த டிஷ்யூ. அழுகை மூக்கை அடைத்தது. அடைத்தால் என்ன, அதனால் எதுவும் மாறிவிடவில்லை.

ஹெனோவேவா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நல்லாவே நாத்தம் அடிச்சுது," என்றாள் கடைசியில். "வாயில வெக்கிறப்பவே தெரியும். ஆனா தலைநகரத்துப் பொம்பளை, படிச்சவ, சொல்றா. நம்ம ஊர்க் கெழவி எதுக்கு வாயைக் குடுக்கணும், எல்லாரும் சிரிப்பாங்கன்னுட்டுத் தின்னேன். எண்ணெயையும் வழிச்சுத் தின்னேன், பிடிச்சிருக்குன்னு காட்டணுமில்ல."

பலோமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. படம் காட்டினியே, அதுல நீ சொன்ன ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல. கேக்கலன்னு சொன்னா அடுத்த தடவை கூட்டிட்டு வரமாட்டாங்க. அதனால தலையை ஆட்டிக்கிட்டே வந்தேன். நான் காதில்லாம ஒரு காலைப்பொழுதை ஓட்டினேன். நீ மூக்கில்லாம ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கே. நீதான் கெட்டிக்காரி." சிரிக்கப் பார்த்து, வலியில் கண்ணை மூடிக்கொண்டாள். "வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்கு. ஒரு பார்க்காரருக்கு. அவ்வளவுதான்."

"அப்படின்னா வாயை மூடிக்கிட்டு இரு. நான் பொழைச்சுக்கிட்டேன். போய் வேலையைப் பாரு."

வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பலோமா நினைத்தாள். மெட்ரோவில் ஏறவில்லை. நடந்தாள். அருங்காட்சியகத்தின் வாசலில் வெயிலில் நீள வரிசை நின்றது. கையில் வரைபடம், வாயில் பசி, முகத்தில் நம்பிக்கை. அவர்களில் எவனிடமாவது தான் போய், இது நல்லாத்தான் இருக்கு என்று இனி சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொண்டாள். அந்த எண்ணெயை வழித்துத் தின்ற ரொட்டித் துண்டு கண்ணைவிட்டுப் போகவில்லை.

அலுவலகத்தில் மாரிசா அவளை உட்காரச் சொன்னாள். பக்கத்து மேசையில் இன்னொரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பலோமா பேச வாயெடுத்தபோது மாரிசா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எதுவும் விளக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி, அதுக்கு மட்டும் பதில் சொல்லு. இறாலைத் தொடாதீங்கன்னு அவங்ககிட்ட நீ சொன்னியா இல்லையா?"

பலோமா அவள் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக முகங்களைப் படித்தே பிழைத்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லு," என்றாள் மாரிசா. "அவசரமில்ல."

"சொல்லல. நல்லா இருக்கு, தின்னுங்கன்னு சொன்னேன். எனக்கு வாசனை தெரியாது மாரிசா. காய்ச்சல் வந்ததிலிருந்து தெரியாது. ருசியும் தெரியாது."

தட்டச்சு ஓசை நின்றது. மாரிசா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் காதில் எல்லாம் விழுந்துவிட்டிருந்தது.

"எதுக்கு இப்பச் சொன்னே?" என்றாள் தணிந்த குரலில். கோபமா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரல். "இனிமே நான் உன்னை யாருகூடவும் அனுப்ப முடியாதே."

பலோமா வெளியே வந்தாள். படத்தை மட்டும் காட்டுகிற வேலை எங்கேயாவது கிடைக்குமா என்று அந்தக் கோடை முழுக்க அலைந்தாள். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: மதியம் எங்கே சாப்பிடக் கூட்டிப்போவே? இலையுதிர் காலத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். எந்தத் திரவம் எதற்கென்று அவள் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

அந்தத் தட்டச்சுப் பெண் வேறு வேலைக்குப் போன பிறகு சொல்லித்தான் மற்றது வெளியே வந்தது. பலோமா மருத்துவமனைப் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் ஹெனோவேவா மகளின் போனை வாங்கி மாரிசாவைக் கூப்பிட்டிருக்கிறாள். எதிர்முனையில் என்ன சொல்கிறார்கள் என்பது கேட்காததால் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. "உங்க வழிகாட்டிப் பொண்ணு தொடாதீங்க தொடாதீங்கன்னு எவ்வளவோ தடுத்தா. கெழடுங்க நாங்கதான் கேக்கல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். பலோமா அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அடுத்த வாரக் குழுவை அழைத்துப் போகிறவர் என்ற இடத்தில் மாரிசா ஏற்கெனவே அவள் பெயரை எழுதி முடித்திருந்தாளாம்.